மூன்று வலைக்கண்கள்

செபநாயகத்தின் மகள் ஸ்ரெல்லா ஒரு முழ வலையை மேசையில் விரித்தபோது யாகப்புவுக்கு வயிறு பற்றி எரிந்தது.

அவன் மகள் யசிந்தாவுக்கும் எட்டு வயது, ஸ்ரெல்லாவுக்கும் எட்டு வயது. குருநகர்க் கரையில் விழுந்த ஒரே ஷெல் குண்டுதான் இருவரின் வலக்கையையும் கிழித்தது. ஒரே நாளில்தான் தையல் பிரித்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் இரண்டு அப்பன்மாரும் பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆசுப்பத்திரியின் பின்பக்கத்துத் தொழில்வழிச் சிகிச்சை அறைக்கு வருவார்கள். ஸ்ரெல்லாவின் விரல்கள் விரிந்துவிட்டன. யசிந்தாவின் விரல்கள் நண்டுக்கால் மாதிரி உள்ளே மடங்கியே கிடந்தன.

அங்கே கை பழக்கும் ஞானாம்பிகை மிஸ் உரும்பிராய்த் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. போர்த் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் சாமான் வராத காலம். பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்துகூட அவளிடம் இல்லை. அதனால் பிள்ளைகள் வீட்டில் எதைப் பார்த்து வளர்ந்தார்களோ அதையே கையில் கொடுத்தாள்: வலை பின்னும் ஊசியும் நூலும். காயப்பட்ட கையால் நாளாந்தம் முடிச்சுப் போட்டு வலைக்கண் முடிந்து, அடுத்த செவ்வாய் கொண்டுவந்து காட்ட வேண்டும். எத்தனை கண் என்பது பெரிதில்லை என்று அவள் சொன்னது யாகப்புவின் காதில் ஏறவில்லை.

பதினைந்து வருடம் செபநாயகத்தோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவன் அவன். வலை முடிவதில் செபநாயகம் அவனுக்குக் கிட்டவும் வரமாட்டான் என்பது கரை முழுக்கத் தெரியும். அப்படிப்பட்டவனின் பிள்ளை முழக்கணக்கில் முடிகிறது. தன் பிள்ளையோ ஒரு பின்னேரம் முழுக்க மூச்சுப் பிடித்து மூன்று கண் முடிகிறது. அதிலும் ஒன்று வாய் பிளந்து, ஒன்று சுருங்கி.

அந்தக் கிழமை கடலுக்குப் போகத் தடை. பூவரசு நிழலில் சும்மா குந்தியிருந்தவனுக்கு அந்த மூன்று கண்ணையும் பார்க்கப் பொறுக்கவில்லை. கத்தியால் நறுக்கி எறிந்துவிட்டுத் தானே முடியத் தொடங்கினான். நேராக முடிந்தால் பிடிபட்டுவிடும் என்று இடக்கையால் முடிந்தான். பத்து வயதிலிருந்து வலை முடிந்தவன், முதல் தடவையாக வேண்டுமென்றே கோணலாக முடிந்தான். ஒன்றரை முழம். மிஸ் கேட்டால் நீதான் முடிந்ததென்று சொல் என்று மகளுக்குச் சொல்லிவைத்தான். அவள் மண்ணில் கிடந்த மூன்று கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய் மிஸ் அந்த ஒன்றரை முழத்தைப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

"இவ்வளவு வந்திட்டுதெண்டால் யசிந்தா இனிக் கிழமைக்குக் கிழமை வரத் தேவையில்லை அண்ணை. மாதத்தில ஒருக்கா வந்தால் காணும். மயிலிட்டிப் பிள்ளையொண்டு இங்க வர இடமில்லாமல் நிக்குது."

யாகப்பு செபநாயகத்தின் முகத்தைப் பார்த்தான். அங்கே எரிச்சலைக் காண ஆசைப்பட்டான். செபநாயகமோ வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடக்கையால் முடிந்தாலும் யாகப்புவின் முடிச்சை அவனுக்குத் தெரியாதா?

"மச்சான், பிள்ளையின்ரை கையெல்லே வீணாப்போகும்," என்றான் மெல்ல.

தன்னைப் பாவம் பார்க்கிறான் என்று நினைத்ததும் யாகப்புவுக்குக் கோபம் தலைக்கேறியது. "முதல் உவரைக் கேளுங்கோ மிஸ், ஸ்ரெல்லாவின்ரை வலை ஆர் முடிஞ்சதெண்டு."

செபநாயகம் கோபிக்கவில்லை. மகளின் வலையை எடுத்து நீட்டினான். "தடவிப் பார்."

யாகப்பு தடவினான். நூல் வியர்வையில் கறுத்திருந்தது. அவிழ்த்து அவிழ்த்துத் திரும்ப முடிந்ததில் பிசிர் கிளம்பியிருந்தது. ஓரிடத்தில் பல்லால் கடித்து இழுத்த தடம். பிள்ளைதான் முடிந்திருக்கிறது. அவன் மனம் எதைச் சொன்னாலும் அவன் விரல் நூலில் பிழை விடாது.

மிஸ் கொப்பியைத் திறந்து யசிந்தாவின் பெயரை வெட்டப் பேனையை வைத்தாள்.

"வெட்டாதேங்கோ மிஸ். அது நான் முடிஞ்சது," என்றான் யாகப்பு.

பிள்ளை முடிந்தது எங்கே என்று மிஸ் கேட்டாள். வெட்டி எறிந்துவிட்டேன் என்றான். யசிந்தா சட்டைப் பைக்குள் இடக்கையை விட்டு, அந்த மூன்று கண்ணையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

ஒன்றரை முழத்தைப் பார்த்ததைவிட நெடுநேரம் மிஸ் அதைப் பார்த்தாள். எப்படி முடிந்தாய், காட்டு என்றாள். யசிந்தா ஊசியை எடுத்தாள். நூலைச் சுற்றி, இழுக்கும்போது, மடங்கிக் கிடந்த பெருவிரல் மெல்ல எழுந்து முடிச்சை அழுத்தியது.

"ரெண்டு மாதமா நான் பாத்துக்கொண்டிருந்தது உந்த விரலைத்தான் அண்ணை," என்றாள் மிஸ். "நீங்கள் காணேல்லையோ?"

காணவில்லை. அவன் வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாகப்புவை வாங்குப் பலகையில் இருக்கச் சொல்லி, பிள்ளைக்கு உதவப் போகாமல் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொன்னாள் மிஸ். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டான். எதிர்ப்பக்கத்தில் ஸ்ரெல்லா சட்டைப் பொத்தான் பூட்டப் பழகிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு என்று அவன் கண் தன்பாட்டில் எண்ணியது. இங்கே யசிந்தாவின் நூல் நழுவியது. திரும்ப எடுத்தாள். திரும்ப நழுவியது. தொடைக்குக் கீழே அவன் விரல்கள் துடித்தன.

மூன்றாவது பொத்தானையும் ஸ்ரெல்லா பூட்டிவிட்டாள். யாகப்பு கையை எடுக்கவில்லை.