தாம்பூலப் பையில் ஒரு சுயசரிதை

போன மாதம் ஓய்வுபெற்ற வேளாண் துணை இயக்குநர் சாரங்கபாணி, திருக்கடையூரில் மணிவிழா வைத்தார். வருகிறவர்களுக்குத் தேங்காயும் வெற்றிலை பாக்கும் மட்டும் கொடுத்தனுப்ப அவருக்கு மனம் ஒப்பவில்லை. தாம்பூலப் பைக்குள் தன் சுயசரிதையையும் போட்டார். வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாத ஒரே விநியோக முறை அதுதான் என்று பதிப்பாளர் பரணிதரன் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தார். பரணிதரன் கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தவர். பெரிய மனிதர்கள் ஓய்வுபெறத் தொடங்கிய பிறகு பதிப்பாளர் ஆனார்.

நூலின் பெயர் ‘ஒரு நெற்கதிரின் நெடும்பயணம்’. அட்டையில் சாரங்கபாணி வயலில் நிற்பார். பாதம் தெரியாது. ஷூ போட்டிருந்ததால் பரணிதரன் வெட்டிவிட்டார்.

அன்று நல்ல முகூர்த்தம். பிராகாரம் முழுக்க மாலை போட்ட அறுபது வயது ஜோடிகள். முறை வரும்வரை காத்திருந்த மனைவி ராஜாத்தியின் கையில் ஒரு பிரதியைக் கொடுத்தார்கள். படிக்க அல்ல, போட்டோவுக்குப் பிடித்துக்கொள்ள. ராஜாத்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டாள். தன் வெளியீடுகளில் இப்படி ஓர் அசம்பாவிதத்தைப் பரணிதரன் அதுவரை பார்த்ததில்லை.

கலச நீர் ஊற்றி, ஈரம் மாற்றி, மணையில் உட்கார்ந்தாயிற்று. குருக்கள் தாலியை எடுத்துக் கொடுத்தார். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. ராஜாத்தி கழுத்தை நீட்டவில்லை.

“இருங்க சாமி, இவரை ஒண்ணு கேக்கணும்.” கணவர் பக்கம் திரும்பினாள். “என்னங்க, நமக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?”

“என்ன ராஜாத்தி இது, எல்லாரும் பாக்குறாங்க.”

“புத்தகத்துல தேடிப் பாத்தேன். ‘இதனிடையே எனக்குத் திருமணமும் நடந்தேறியது.’ அவ்வளவுதான். அடுத்த வரியில மன்னார்குடிக்கு மாத்தலாகிப் போயிட்டீங்க. நான் எங்க போனேன்?”

“குடும்ப விஷயத்தைப் பொதுவாழ்க்கைப் புத்தகத்துல...”

“அந்த ஆபீஸ் ஜீப்புக்குத் தனி அத்தியாயம், கலர் போட்டோ! குத்தாலத்து நெலத்துல ‘நான் நட்டேன், நான் அறுத்தேன்’னு எழுதியிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை வந்து வரப்புல நின்னு டீ குடிச்சிட்டுப் போவீங்க. அந்த டீயும் நான் போட்டது.”

சாரங்கபாணியின் தங்கை குந்தவைக்குத் திடீரென்று இருமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பரணிதரன் பாய்ந்து வந்தார். “அம்மா, ரெண்டாம் பதிப்புல விரிவா சேத்துடலாம்மா.”

“சரி தம்பி. ரெண்டாம் பதிப்பு வர்றன்னைக்குத் தாலி கட்டிக்கிறேன்.”

நாதஸ்வரம் நின்றது. அடுத்து மணையேறக் காத்திருந்தவர், “சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க சார், எங்களுக்கு நேரம் போவுது” என்றார்.

“நீங்க சும்மா இருங்க. அந்தம்மா கேக்கறது நியாயம்தானே?” என்றாள் அவர் மனைவி.

“இப்ப என்ன பண்ணணுங்கற?” சாரங்கபாணியின் குரலில் துணை இயக்குநர் யாரும் மிச்சமில்லை.

“நான் இல்லாத புத்தகம் ஒண்ணுகூட நம்ம கையால வெளியில போகக்கூடாது. பையிலேர்ந்து எல்லாத்தையும் எடுக்கச் சொல்லுங்க.”

அவர் தாலியைப் பார்த்தார். தூணோரம் அடுக்கியிருந்த மஞ்சள் பைகளைப் பார்த்தார். எதை விடுவது என்று உண்மையாகவே யோசித்தது போலத்தான் இருந்தது. குருக்கள் கடிகாரத்தைப் பார்த்தார். சாரங்கபாணி தலையசைத்தார்.

உறவினர்கள் வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார்கள். பந்தி பரிமாறக் கூப்பிட்டபோது நகராதவர்கள்கூட ஓடிவந்து புத்தகங்களை உருவினார்கள். “அப்பாடா, பை லேசாயிடுச்சு” என்று ஒருவர் சத்தமாகவே சொன்னார். கடைசிப் புத்தகமும் பெட்டிக்குள் போனதைப் பார்த்த பிறகே ராஜாத்தி குனிந்தாள். சாரங்கபாணி ஒரு முடிச்சுப் போட்டார். மற்ற இரண்டையும் குந்தவை போட்டாள், அண்ணனை விட இறுக்கமாக.

பந்தியில் பாயசம் வருவதற்கு முன்பே ராஜாத்தி கணவரிடம் பேனா கேட்டாள். இருந்தது, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்காகச் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

“கையக் கழுவிட்டு வாங்க. நான் சொல்றேன், எழுதுங்க. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நீங்க போட்டிருந்தது உங்க அண்ணன் சட்டை. அதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்.”

பரணிதரன் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். “அப்புறம் என்னம்மா ஆச்சு?” என்றார். தான் அச்சிடப்போகும் புத்தகத்தைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

சாரங்கபாணி எழுதினார்.