ஐந்து பூட்டும் ஒரு தகரப் பெட்டியும்

1

இக்கதை ஒரு தகரப் பெட்டியிலிருந்து தோன்றியது என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கிறேன். பிஸ்கட் வந்த பெட்டி அது. எங்கள் பட்டறையின் ஸ்டோரில், கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது. அதனுள் கண்டதை எழுத முனைந்து மூன்று தொடக்கங்களை வீணாக்கினேன். அவற்றுள் ஒன்று: "பண்டமாற்றில் தொடங்கிக் கிரிப்டோ நாணயம் வரை மனிதகுலம் கடந்து வந்த பாதை நெடியது, அப்பாதையில்—"

(அப்பாதையில் எங்கள் பட்டறை வரவே இல்லை. கைவிட்டேன்.)

2

நாங்கள் பன்னிருவர், லிப்ட் பழுதுபார்ப்பவர்கள். எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. லிப்ட் ஓடும் குழிக்குள் இறங்குபவன் மெயின் ஸ்விட்சில் தன் பூட்டை மாட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டே இறங்க வேண்டும். மூவர் இறங்கினால் மூன்று பூட்டுகள். கடைசி ஆள் மேலே வந்து தன் பூட்டைக் கழற்றும்வரை மின்சாரம் வராது.

எங்கள் மருத்துவ உதவி நிதியை, ஒரு சம்பளத் தகராறின்போது, நிர்வாகம் வங்கியில் முடக்கி வைத்தது. அது விடுபட்டவுடன் கிரிப்டோ நாணயமாக மாற்றினோம். ஐவரிடம் ஆளுக்கொரு சாவி. எந்த மூவர் இசைந்தாலும் பணம் நகரும், தனியொருவரால் இயலாது. சாவி என்பது பன்னிரண்டு இரகசியச் சொற்கள், அவ்வளவே; அவற்றை அறிந்தவர் எவரும் ஒப்பமிடலாம். விளக்க வந்தவர் ஒரு மணி நேரம் கேட்டார். எங்களுக்கு ஐந்து நிமிடம் போதுமானதாயிற்று.

"இது நம்ம பூட்டுதானே," என்றார் வக்கீல்.

(அவர் வக்கீல் அல்லர், எங்களுள் மூத்த மெக்கானிக். சம்பளச் சீட்டைக்கூட ஷரத்து ஷரத்தாகப் படிப்பவர் என்பதால் அப்பெயர்.)

3

சென்ற மாதம், ஓர் ஊழியர் குழிக்குள் இருந்தபோது லிப்ட் நகர்ந்தது. கம்பிவடத்திற்கும் சக்கரத்திற்கும் இடையே அவருடைய வலக்கை சிக்கியது.

[திருத்தம்: "ஓர் ஊழியர்" என்று எழுதியது கோழைத்தனம். அவர் என் தங்கையின் கணவர். சாவி வைத்திருக்கும் ஐவருள் ஒருவரும் ஆவார். ஆனால் உதவி பெறுபவர் ஒப்பமிடலாகாது என்பது எங்கள் விதி. நானும் அந்த ஐவருள் ஒருவன்.]

மச்சான் பூட்டு மாட்டித்தான் இறங்கினார். சாவி அவர் பையில்தான் இருந்தது. ஆயினும் ஒவ்வொரு பூட்டுக்கும் மாற்றுச்சாவி ஸ்டோரில் தொங்கும். ஆள் பூட்டைக் கழற்றாமலே சாப்பிடப் போய்விட்டார் என்று நினைத்த மேற்பார்வையாளர், அவசரமென்று அந்த மாற்றுச்சாவியைக் கேட்டார். ஸ்டோரைக் கவனிக்கும் அக்கா எடுத்துக் கொடுத்தார்.

வரும் வெள்ளிக்கிழமை இரண்டாம் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் மூன்று விரல்கள் இனி மடங்கா என்று மருத்துவர் கூறிவிட்டார்.

4

கூட்டம் கூடினோம்.

"இது கம்பெனி கட்ட வேண்டிய காசு," என்றார் வக்கீல். "நாம கட்டுனா அவங்க கைகழுவிடுவாங்க. நாளைக்கு உனக்கு அடிபட்டாலும் இதே கதைதான்."

"கேஸ் முடியறதுக்குள்ள விரல் போயிடும்ணே," என்றேன்.

"தெரியும்டா. என் சொந்தத் தம்பியா இருந்தாலும் இதத்தான் சொல்வேன்."

"உங்க தம்பி ஆபீஸ்ல உக்காந்து எழுதறாரு," என்றார் வெல்டர். "பேனாவுல விரல் மாட்டாது."

மச்சான் நீங்கலாகச் சாவி வைத்திருந்தோர் நாங்கள் நால்வர். வெல்டர் என் பக்கம். எலெக்ட்ரீஷியன் வக்கீல் பக்கம். இருவருக்கு இருவர்.

(வக்கீலைக் கல்நெஞ்சராகப் படைத்து ஒரு பக்கம் எழுதினேன். கதை எளிதாயிற்று, பொய்யும் ஆயிற்று. கிழித்துவிட்டேன்.)

5

என் பன்னிரண்டு சொற்களை உறையிலிட்டு அக்காவிடம்தான் ஒப்படைத்திருந்தேன். அதனைக் கையில் வைத்துக்கொண்டு வக்கீலிடம் மறுபடியும் கேட்டுப் பார்க்கலாமென்று ஸ்டோருக்குச் சென்றேன். அக்கா தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐந்து உறைகள்.

"எல்லாருமா?"

"எல்லாருந்தான். ஆளாளுக்குத் தனித்தனியா வந்து, யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கான்னு குடுத்துட்டுப் போனீங்க. வக்கீல் மட்டும் ரசீது கேட்டாரு."

எதிர்காலத்தில் அரசோ பெருநிறுவனமோ இந்நாணயங்களைத் தன் பிடிக்குள் கொண்டுவரும் எனக் கட்டுரையாளர்கள் எச்சரிக்கின்றனர். அவ்வாறு நேரலாம். ஆனால் எங்களிடமிருந்து எவரும் எதனையும் பறிக்கவில்லை. மாற்றுச்சாவியை ஸ்டோரில் மாட்டிப் பழகிய கைகள் தாமாகவே சென்று கொடுத்தன. தொலைந்துவிடுமோ என்னும் அச்சம் ஒன்று போதும், எல்லாம் ஒருவர் கையில் குவியும் மையம் தானே முளைத்துவிடும். அம்மையம் ஒரு நல்ல பெண்மணியாக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டமேயன்றி எங்கள் அறிவன்று.

இவ்வளவும் அறிந்த பின்னரே நான் கேட்டேன்:

"என்னோடது, வெல்டரோடது, கூட இன்னொண்ணு. மூணு உறையப் பிரிச்சாப் போதும்க்கா."

"நானும் அதத்தான் நேத்தே நெனச்சேன்." அவர் பெட்டியையே பார்த்தார். "போன மாசமும் ஒருத்தர் வந்து அவசரம்னுதான் கேட்டாரு."

"இது நல்லதுக்குக்கா."

"அவரும் கெட்டதுக்குன்னு சொல்லிக் கேக்கல."

அவர் பெட்டியை மூடவும் இல்லை. என் பக்கம் நகர்த்தவும் இல்லை.

6

முதல் முடிவு: அக்கா உறைகளைப் பிரிக்கிறார். விரல்கள் மடங்குகின்றன. அதன்பின் எவரும் கூட்டத்திற்கு வருவதில்லை. தேவைப்படுவோர் ஸ்டோர் சன்னலில் போய் நிற்கின்றனர். அக்கா கருணையுடன் ஆள்கிறார். அக்காவுக்குப் பின் அந்த நாற்காலிக்கு வருபவர்—

இரண்டாம் முடிவு: ஐந்து உறைகளும் உரியவரிடம் திரும்புகின்றன. விதி பிழைக்கிறது. என் தங்கை ஒவ்வொரு காலையும் கணவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள்.

மூன்றாம் முடிவு: வக்கீல் மனம் மாறுகிறார்.

(இதனை ஒரே வரியில் எழுதி முடித்து மகிழ்ந்தேன். பின்னரே உறைத்தது: அவருடைய ஒப்பத்தை நானே இட்டுவிட்டேன். அடித்துவிடுகிறேன்.)

7

இன்று புதன்கிழமை, உணவு இடைவேளை. வக்கீல் பட்டறையின் பின்கட்டில் தனியே அமர்ந்து சாப்பிடுகிறார். அவரிடம் இருமுறை பேசித் தோற்றவன் நான். மச்சானுக்காகப் பேசுகிறேன் என்பதால் என் சொல்லுக்கு எடை குறைவு. வாசகரே, உங்களுக்கு எங்களுள் எவரும் உறவல்லர். அவருடைய வாதத்தைக் கேட்டீர்கள். அதில் நியாயம் இருப்பதையும் அறிவீர்கள். எதிர்ப் பெஞ்சில் இடம் இருக்கிறது. சென்று அமர்ந்து பேசுங்கள். பேசியதை இதற்குக் கீழே எழுதுங்கள்.

அவர் மறுத்தால், மறுத்தார் என்றே எழுதுங்கள்.