ஒன்றேகாலுக்குக் கெடும் டிஸ்க்

காலையில் டிஸ்க்கைச் சரிசெய்து வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கெட்டுப்போகிறது. மூன்று நாளாக இதே கூத்து. பெரியவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவளுடைய மாமனார் நடத்துவது பல் செய்யும் கூடம். டாக்டர்கள் நோயாளியின் பல்லை ராவி, வாயை ஸ்கேன் எடுத்து இங்கே அனுப்புவார்கள். அதைக் கம்ப்யூட்டரில் வைத்துப் பல்லுக்கு மூடி வரைந்து, இயந்திரத்தில் கடைந்து, கடைசியில் பீங்கான்காரர் நிறம் பூசிச் சூளையில் சுடுவார். ஸ்கேன்கள் எல்லாம் அலமாரி அகலமே உள்ள ஓர் அறையில் ஒரே சர்வரில் இருந்தன. சர்வருக்குப் பக்கத்தில் டிஸ்க் பெட்டி. இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள். மூத்த மருமகளாக வந்த நாளிலிருந்து ஏழு வருஷமாக அந்த அறை அவள் ராஜ்யம்.

இப்போது அந்த ராஜ்யத்தில் அழித்த ஃபைல்கள் எழுந்து உட்கார்ந்திருந்தன. காலையில் சேமித்தவை மதியம் காணாமல் போயின. ஒருவரின் கீழ்த்தாடையைத் திறந்தால் வேறொருவரின் மேல்தாடை வந்து இளித்தது.

டிஸ்க் என்பது லட்சக்கணக்கான சிறு பெட்டிகள் கொண்ட ஒரு சுவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஸ்கேன் ஆயிரம் துண்டுகளாகி ஆயிரம் பெட்டிகளில் போய் உட்காரும். எந்தப் பெட்டி யாருடையது, எது காலி என்று சொல்லும் பதிவேடுதான் ஃபைல் சிஸ்டம். பதிவேடு குழம்பினால் சரக்கு உள்ளேயே இருந்தும் பயனில்லை. பழுதுபார்க்கும் கட்டளையைக் கொடுத்தால், அது பதிவேட்டை வரி வரியாகப் படித்துச் சுவரோடு ஒப்பிடும். பெயர் தெரியாத துண்டுகளை ஒரு தனி ஃபோல்டரில் வெறும் எண் போட்டுக் குவித்துவிடும். திங்கள் மதியம் தொடங்கிய குழப்பத்தில் புதன் மாலைக்குள் அப்படி நானூற்றுப் பன்னிரண்டு அநாதைகள் சேர்ந்துவிட்டன.

டிஸ்க்குகளைச் சோதித்தாள், கல்லுமாதிரி இருந்தன. மெமரியைச் சோதித்தாள், குறையில்லை. பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியே கேபிளை மாற்றினாள். அப்புறமும் மதியமானால் குழப்பம்.

இது போதாதென்று சின்னவள் வேறு. இளைய கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதற்கு முன் ஏதோ பெரிய கம்பெனியில், ஒரு கூடம் நிறைய சர்வர்களைப் பார்த்துக்கொண்டவளாம். வந்த மூன்றாம் நாளே கடைசல் இயந்திரத்தின் முரண்டை அடக்கிவிட்டாள். ஏழு வருஷமாக 'ஏம்மா' என்று மட்டும் கூப்பிடும் மாமனார், இவளை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க வீட்டு இன்ஜினியர்" என்றார். எத்தனை தடவை சொன்னார் என்று பெரியவளைக் கேட்டால் சரியாகச் சொல்வாள். எண்ணிக்கொண்டிருந்தாள்.

புதன் மாலை அவர் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, பதினாலு பல்லையும் ராவிட்டு ஒரு மனுஷன் தற்காலிக மூடியோட உக்காந்திருக்கான். அவன் ஸ்கேனைக் காணோம்னா டாக்டர் முகத்துல நான் எப்படி முழிப்பேன்? நாளைக்குள்ள ஆகலைன்னா சின்னவ கையில குடுத்துரு. அவ பாக்கட்டும்."

"சரி மாமா" என்றாள். அவர் சொன்ன கடைசி இரண்டு வார்த்தை ராத்திரி முழுக்கக் காதுக்குள் ஓடியது.

வியாழன் மதியம் சாப்பாட்டு மேசையில் சின்னவள் ஏதோ சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பீங்கான்காரருக்குப் புரையேறிவிட்டது. பெரியவள் தன் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க போறீங்க பெரியம்மா, நாங்க கடிச்சிருவோமா?" என்றார் பீங்கான்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"கடிச்சாலும் பல்லு நம்ம கூடத்துப் பல்லுதானே, உடைஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு சர்வர் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏழு வருஷத்தில் அங்கே அவள் சாப்பிட உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சின்னவள் சிரிப்பு காதில் விழாத இடம் கூடத்தில் அது ஒன்றுதான்.

மணி ஒன்றேகால். வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது. டிஸ்க் பெட்டியின் பின்பக்கத்தில் இரண்டு துளைகள் உண்டு. ஒன்றில் அவள் கேபிள். அதன் பச்சை விளக்கு எப்போதும் துடிக்கும். மற்றது காலி என்றே நினைத்திருந்தாள். இப்போது அதன் விளக்கும் பின்சுவரில் பட்டுத் துடித்தது.

கையை நக்கிவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் தலையை நுழைத்தாள். அங்கே ஒரு சாம்பல் நிறக் கேபிள். சுவர்த் துளை வழியாக அடுத்த அறைக்குப் போய், சின்னவளின் மேசைக்கடியில் ஒரு புதுக் கம்ப்யூட்டரில் முடிந்தது.

மாட்டினாயா, என்று மனசு துள்ளியது. இத்தனை நாளில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை. சின்னவளைக் கூப்பிட்டாள்.

"இது என்ன?"

சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை. "பேக்கப் அக்கா. திங்கக்கிழமைலேர்ந்து தினம் மதியம் ஒரு நகல் எடுக்குது. எல்லாரும் சாப்பிடப் போயிருப்பாங்கன்னு அந்த நேரம் வச்சேன்."

"என் பெட்டியில, என்னைக் கேக்காம?"

"கேட்டேனே அக்கா. சர்வர்ல நுழைய எனக்கு ஒரு கணக்கு போட்டுக் குடுங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன். 'பாக்கலாம்'னீங்க. நகல் கட்டாயம் வேணும்னு மாமா சொன்னார். உங்ககிட்ட சொன்னா சங்கடப்படுவீங்கன்னும் அவர்தான்... ஆனா நான் படிக்க மட்டும்தான் மாட்டினேன். ஒரு எழுத்துகூட எழுதலை. சத்தியமா."

'பாக்கலாம்' என்று பெரியவள் சொன்னது உண்மை. இருபது விநாடி வேலை அது. ஏழு வருஷத்தை எதற்குத் திறந்துவிடுவது என்றுதான் செய்யவில்லை.

"படிக்க மட்டும்தான் மாட்டினியா?" என்று திரும்பக் கேட்டாள். கேட்கும்போதே கோபம் விலகி, கணக்குப் போடுகிற மூளை முன்னால் வந்துவிட்டது. "உக்காரு. என் சர்வர் எதையும் டிஸ்க்ல எழுதறதுக்கு முன்னால என்ன பண்ணும்?"

"செய்யப்போறதைக் குறிப்பேட்டுல எழுதி வச்சுக்கும். நடுவுல கரண்ட் போனா, திரும்ப வந்ததும் அதைப் பார்த்து மிச்சத்தை முடிக்கும்."

"ஓடிக்கிட்டிருக்கிற டிஸ்க்குல அந்தக் குறிப்பேடு எப்படி இருக்கும்?"

"மிச்ச வேலையோட திறந்தே..." சின்னவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ அக்கா! என் மெஷின் அதைப் பார்த்துட்டு, கரண்ட் போயிருச்சுன்னு நினைச்சுக்கும். படிக்க மட்டும்னு சொன்னாலும் முதல்ல பாதியில நின்ன வேலையை முடிச்சிட்டுத்தான் படிக்கும்!"

"முடிச்சு, குறிப்பேட்டையும் துடைச்சு வச்சிரும். என் சர்வருக்கு அது எதுவும் தெரியாது. தன் மனசுல இருக்கிற பழைய பதிவேட்டை நம்பி மேல மேல எழுதிக்கிட்டே போகும்."

ஒரே பதிவேட்டை, மற்றவள் இருப்பது தெரியாமல், இரண்டு பேர் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"பதினாலு பல்லுக்காரன் ஸ்கேன் திங்கக்கிழமை காலையிலதான் வந்தது. உன் முதல் நகல்ல இருக்குமா?" என்று கேட்டாள் பெரியவள்.

சின்னவள் திறந்து காட்டினாள். இருந்தது. டாக்டர் வாரியாக, தேதி வாரியாக, பல் எண் வாரியாக அத்தனை நேர்த்தி. பார்த்ததும் பெரியவளுக்கு மறுபடி சுருக்கென்றது. இதைத்தான் அவள் ஏழு வருஷமாக 'அடுத்த மாசம் அடுக்கணும்' என்று தள்ளிப்போட்டிருந்தாள்.

மாமனார் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கண்டுபிடிச்சீங்களா?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். சொல்வதற்கு அருமையான ஒரு வாக்கியம் பெரியவளின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது: உங்க இன்ஜினியர் பண்ணின வேலை மாமா.

"கண்டுபிடிச்சாச்சு மாமா. இவ கேபிளால வந்தது. நான் கணக்கு குடுத்திருந்தா இவளுக்கு அந்தக் கேபிளே தேவைப்பட்டிருக்காது. நீங்க என்கிட்ட மறைக்காம இருந்திருந்தாலும்தான்."

அவர் யாரைத் திட்டுவது என்று ஒரு நிமிடம் தேடினார். ஆள் கிடைக்கவில்லை. "ஸ்கேன் கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது."

"அப்ப சரி" என்று நழுவினார். போகிற வழியில் பீங்கான்காரரிடம், "எங்க வீட்டு இன்ஜினியருங்க ரெண்டு பேரும் பிடிச்சுட்டாங்க" என்பது கேட்டது. பெரியவள் அதையும் எண்ணிக்கொண்டாள்: இந்தக் கணக்கில் பாதிதான் தனக்கு என்று.

பிறகு வேலை. சாம்பல் கேபிளை முதலில் கழற்றினார்கள். டிஸ்க்கை இறக்கி, அதாவது சர்வர் அதைத் தொடாதபடி நிறுத்திவிட்டு, பழுதுபார்க்கும் கட்டளையை ஓட விட்டார்கள். பிழை ஒன்றும் இல்லை என்று வரும்வரை இரண்டு முறை. காணாமல் போனவற்றைத் திங்கட்கிழமை நகலிலிருந்து எடுத்து வைத்தார்கள். அதன் பிறகு வந்தவற்றுக்கு, எண் போட்ட அநாதைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தாடையைப் பார்த்து அடையாளம் கண்டு பெயரிட்டார்கள். கடைசியாகப் பெரியவள் சர்வரில் சின்னவளுக்கு ஒரு கணக்கு போட்டாள். இருபது விநாடிதான் ஆனது.

வெள்ளி ஒன்றேகாலுக்கு நகல் எடுக்கும் வேலை ஓடியது. அது முடிந்ததும் டிஸ்க்கை இறக்கிச் சோதித்தார்கள், பிழை பூஜ்யம். செய்த மாற்றம் இவ்வளவுதான்: டிஸ்க் பெட்டியை ஒரே ஒரு சர்வர் மட்டும் மாட்டும், நகல் வேண்டுகிற கம்ப்யூட்டர் நேராகப் பெட்டியைத் தொடாது, தன் கணக்கில் நுழைந்து, அந்தச் சர்வரிடம் நெட்வொர்க் வழியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.