லௌமாவுக்காக அழுத நாள்

கரும்பு வெட்ட வந்த தீவுக்காரர்கள் எல்லோரும் அவரவர் தீவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று வெள்ளைக்காரச் சர்க்கார் சட்டம் போட்டபோது, குயின்ஸ்லாந்தின் மக்காய் பக்கத்துக் கரும்புக் காடுகளில் சிலர் அழுதார்கள், சிலர் குடித்துவிட்டு ஆடினார்கள். மலைட்டாத் தீவுக்காரன் கொனாய் மட்டும் தான் வந்து எத்தனை வருடம் என்று விரல்விட்டு எண்ணினான். ஊருக்குப் போனால் உயிர் தங்காது.

இருபது வருடம் அங்கே கழித்தவர்களுக்கு விலக்கு உண்டு. கொனாய்க்குச் சில மாதங்கள் குறைந்தன. கூடவே கரும்பு வெட்டிய தன்னாத் தீவுக்காரன் யாவிஸ் அதைச் சொல்லிச் சொல்லியே சிரித்தான்.

"உன்னை ஏத்திட்டு வந்த கப்பல் ஆமை வேகத்துல வந்திருக்குடா. இல்லாட்டி நீயும் என்னோட தங்கியிருப்பே."

"உனக்கென்ன, சிரிப்பே."

"சிரிக்காம? காட்டை அழிச்சது நாம, கல்லு பொறுக்கினது நாம. இப்ப கரும்பை வெள்ளைக்காரனே வெட்டிக்குவானாம். வெட்டட்டும். இடுப்பு விட்டுப்போனா தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஊருக்குப் போகாதடா. நடுவுல வேற தீவுல இறங்கிக்க."

"வேற தீவுல எனக்கு யார் இருக்கா?"

"உன் ஊர்ல மட்டும் யார் இருக்கா, அரிவாளோட நிக்கிறவங்களைத் தவிர?"

கொனாய் அடுத்த கரும்பு வரிசைக்கு நகர்ந்தான்.

அவனும் ஊரில் பக்கத்துக் குடியிருப்பு லௌமாவும் ஒன்றாகக் கப்பல் ஏறியவர்கள். ஆள் பிடிக்க வந்த படகுக்காரன் மூன்று விரலைக் காட்டினான். மூன்று நிலவு என்று கரையில் நின்ற எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். லௌமாவின் அப்பாவுக்கு ஒரு கோடரியும் கொஞ்சம் புகையிலையும் கிடைத்தன. அம்மாக்காரி மட்டும் கொனாயின் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டாள். "நீதான் மூத்தவன். ரெண்டு பேராப் போறீங்க, ரெண்டு பேராத் திரும்பணும்." அந்த மலையில் அது வெறும் பேச்சில்லை. ஒன்றாகப் போன இருவரில் ஒருவன் வராவிட்டால், வந்தவன்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று விரல் என்பது மூன்று வருடம் என்று கரும்புக் காட்டில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. முதல் மழைக்காலத்தில் புதிதாக வந்தவர்கள் ஈசல் மாதிரி விழுந்தார்கள். லௌமாவுக்கு இரத்தபேதி. நடிக்கிறான் என்று மேற்பார்வைக்காரன் அவனைப் படுக்கையிலிருந்து இழுத்துக் காட்டில் நிறுத்தினான். வரப்பிலேயே சுருண்டு விழுந்தவனை, மறுநாள் அந்த வரப்பிலேயே புதைத்தார்கள்.

மூன்று வருடம் முடிந்து மற்றவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறினார்கள். எந்த முகத்தோடு போவது? கொனாய் மறுபடியும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தான். அதன் பிறகும் வைத்தான்.

இப்போது கப்பல் வருவதற்கு முன்னால் மண்வெட்டியோடு அந்த வரப்பைத் தேடிப் போனான். செத்தவனின் தலையோட்டைக் குலத்தின் புனித இடத்தில் வைத்துப் படையல் போட்டால்தான் அவன் ஆவி அலையாது. அதையாவது கொண்டுபோகலாம் என்று நினைத்தான். வரப்பையே காணோம். ஏர் அதைத் தின்று எத்தனையோ அறுவடை ஆகியிருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் கரும்பு நின்றது. குத்துமதிப்பாக ஓரிடத்தில் தோண்டினான், இன்னோரிடத்தில் தோண்டினான். தோட்ட முதலாளியின் மகன் குதிரையில் வந்து நின்றான்.

"என்ன தோண்டுறே?"

"என் தம்பியை."

அவன் குழியை எட்டிப் பார்த்தான். "இது கரும்புக் காடு, இடுகாடு இல்ல. வேரைக் கெடுக்காதே, போ."

கொனாய் குழியை மூடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

மலைட்டாக் கரையில் இறங்கியதும் கிறிஸ்தவ மிஷன் குடியிருப்பில் இருந்தவர்கள் அவனைத் தங்கச் சொன்னார்கள். பழிவாங்க யாரும் அங்கே இறங்கி வருவதில்லை என்றார்கள். சில நாள் தங்கினான். ஒளிந்திருக்கத்தான் என்றால் யாவிஸ் சொன்ன மாதிரி நடுவில் வேறொரு தீவு போதுமே, இதற்கு எதற்கு இத்தனை கடல் தாண்டி வந்தோம் என்று தோன்றியது. ஒரு காலையில் மலையேறினான்.

லௌமாவின் பழைய குடியிருப்பில் கொடிதான் படர்ந்திருந்தது. ஏதோ ஒரு கப்பல் கொண்டுவந்த இருமல் நோயில் பெரியவர்கள் எல்லோரும் போய்விட்டார்களாம். அப்பாவும் போனார். மணிக்கட்டைப் பிடித்த அம்மாவும் போய்விட்டாள். மிஞ்சியவள் தங்கை ஓரோதா. அடுத்த மேட்டில் புருஷன் வீட்டில் இருந்தாள். ஆள் பிடிக்கும் கப்பல் வந்தபோது இடுப்பில் தூக்கும் குழந்தையாக இருந்தவள்.

அவள் சேப்பங்கிழங்குத் தோட்டத்தில் குனிந்திருந்தாள். அவன் தன் பேரைச் சொன்னதும் நிமிர்ந்தாள். புருஷனும் கொழுந்தன்மாரும் தடியோடு ஓடி வந்தார்கள்.

"ஓ, நீதானா அந்த அண்ணன்?" என்றாள். "நல்லா இருக்கியே. சட்டையெல்லாம் போட்டிருக்கே. என் அண்ணன் எங்கே?"

"செத்துட்டான், தங்கச்சி."

"இத்தனை வருஷம் வராதப்பவே அது தெரிஞ்சுது. எலும்பு எங்கே?"

"தேடினேன். அது மேல கரும்பு நிக்குது."

அவள் அறைந்தாள். இன்னொரு அறை. அவன் கையை உயர்த்தவில்லை. மூத்த கொழுந்தன் தடியை ஓங்கினான். "நகரு, மதினி. உன் அம்மா கண் மூடுறப்பக்கூட இவன் பேரைத்தான் சொன்னா."

"இரு!" என்று கத்தினாள் ஓரோதா. "இவனையும் அடிச்சுப் போட்டுட்டா, என் அண்ணன் எப்படிச் செத்தான்னு இந்தத் தீவுல யாருக்குத் தெரியும்? அவன் முகம்கூட எனக்கு ஞாபகமில்ல. நீ வந்து சொல்லுவியா?"

தடி இறங்கியது.

கொனாய் மண்ணில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். இரத்தபேதியை மறைக்கவில்லை, இழுத்துப் போனதை மறைக்கவில்லை. கடைசியில் லௌமா தண்ணீர் கேட்டதையும், தான் கொண்டு வருவதற்குள் மேற்பார்வைக்காரனின் சவுக்கு தடுத்ததையும் சொன்னபோது ஓரோதா தலையில் அடித்துக்கொண்டு ஓலமிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து சேர்ந்துகொண்டார்கள். உடல் இல்லை, எலும்பும் இல்லை. பேரைச் சொல்லிச் சொல்லி மாலை வரை அழுதார்கள். கரும்புக் காட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கொனாய், அவர்களுக்கு நடுவே குழந்தை மாதிரித் தேம்பினான்.

அவன் சம்பாத்தியத்தையெல்லாம் போட்டுக் கப்பலில் கொண்டுவந்த பெட்டியை அப்படியே கொழுந்தன்மார் எடுத்துக்கொண்டார்கள். பழி அதோடு தீர்ந்ததாகச் சொன்னார்கள். ஓரோதா தீர்ந்தது என்று சொல்லவில்லை. தன் வீட்டுக்குள் அவனை ஒருநாளும் கூப்பிடவுமில்லை. கொடி படர்ந்த அந்தப் பழைய குடியிருப்பை வெட்டித் திருத்தி, அங்கேயே அவன் ஒரு குடிசை போட்டுக்கொண்டான்.

அவள் அவ்வப்போது கிழங்குக் கூடையோடு வந்து வாசலில் நிற்பாள். ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி. அங்கே அவன் சிரிச்சானா? குளிருக்கு என்ன போத்திக்கிட்டான்? என்னைப் பத்திப் பேசினானா?

கொனாய் யோசித்து யோசித்துச் சொல்வான். கரும்புக் காட்டில் லௌமா வாழ்ந்தது ஒரு மழைக்காலம்கூட முழுதாக இல்லை. ஒரு நாள் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

"இனிமே எதுவும் இல்ல, தங்கச்சி. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

ஓரோதா கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"சரி," என்றாள். "அப்ப முதல்லருந்து சொல்லு."