நல்லவனிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது

"குடிப்பாரா?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"இல்ல மேடம்."

"கை நீட்டுவாரா? வேற சகவாசம் ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "அப்போ கஷ்டம்தான். கெட்டவன்கிட்டயிருந்து பிள்ளைய வாங்கறது சுலபம்மா. நல்லவன்னா, நீதான் எனக்கு ஏதாவது எடுத்துக் குடுக்கணும்."

எதிரில் உட்கார்ந்திருந்தவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். வேலை முடிந்து வீடு திரும்ப இருட்டிவிடும். கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன், சாயங்காலமே வீட்டில் இருப்பான். விவாகரத்துக்கு இருவருமே சம்மதித்திருந்தார்கள். மகள் தன்னோடு இருக்கட்டும், வாரக் கடைசியில் அம்மாவிடம் போகட்டும் என்று அவன் கேட்டிருந்தான். நியாயமாகத்தான் கேட்டிருந்தான். அதனால்தான் அவள் வக்கீலைத் தேடி வந்திருந்தாள்.

"இத்தனை வருஷம் கூட வாழ்ந்திருக்க. ஒண்ணுமா இருக்காது?"

இருந்தது. கூடவே வேலை பார்த்த அவன் தம்பி லிஃப்ட் குழியில் விழுந்து செத்த வருஷம், அதே குழியின் விளிம்பில் இவனும் ஒரு நாள் நின்றிருக்கிறான், போய்விடலாம் என்று. அப்புறம் வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் அவள் மடியில் முகம் புதைத்துச் சொன்னான். அவள் அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சொல்லி முடித்ததும் வக்கீலம்மா சிரித்தார். "கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கியே."

"அது நடந்து ரொம்ப நாளாச்சு மேடம். இப்ப நல்லா இருக்கார்."

"உனக்குப் பிள்ள வேணுமா, வேண்டாமா?"

விசாரணையில் அவனுடைய மேலாளரையும் சாட்சியாக வரவழைத்திருந்தார் வக்கீலம்மா. தம்பி இறந்தபின் அவன் எடுத்த விடுப்பை அவர் உறுதி செய்தார். அடுத்து வக்கீலம்மா அவனிடம் திரும்பினார்.

"அந்தக் குழி ஓரத்துல நின்னீங்களா?"

அவன் கேட்டவரைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தான்.

"நின்னேன்."

"எதுக்கு?"

"அவளுக்குத் தெரியுமே."

அவனுடைய வக்கீல் எழுந்தார். அவன் கையமர்த்தி உட்கார வைத்தான். மறுக்க அவனுக்கு மனமில்லை.

மகள் அம்மாவுக்கே என்று தீர்ப்பானது. வாரம் ஒருமுறை நீதிமன்றத்துச் சந்திப்பு அறையில், கண்காணிப்பாளர் முன்னால் அவன் பிள்ளையைப் பார்க்கலாம். நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் கேட்டிருந்த மேலாளர் மறுவாரமே அவனைக் குழி வேலையிலிருந்து நீக்கி, கிடங்கில் திருகாணி பிரிக்க உட்கார வைத்தார்.

முதல் சந்திப்பிலேயே மகள் கேட்டுவிட்டாள். "அப்பா, நீ சாகப் போனியா?" அம்மா வக்கீலோடு தொலைபேசியில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது. கண்காணிப்பாளர் அதைக் குறித்துக்கொண்டார். அவன் மகளின் சட்டைக் காலரைச் சரிசெய்தான். அதற்கப்புறம் இரண்டு வாரம் வந்தான். பிறகு வரவில்லை.

ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்த மகளின் கண்கள் வீங்கியிருந்தன. அன்று அம்மாவுக்கு விடுமுறை. அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள்.

"என்னம்மா ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணுமில்ல."

"அம்மாகிட்ட சொல்லு கண்ணு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மகள் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். அப்பாவுக்கு இருந்த அதே நிதானம்.

"சொல்லுவ" என்றாள். பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.