வாய்க்கட்டுப் புரட்டாசி

"ஒரு மாசம் எதிர்ப்பேச்சு பேசாம இருக்க உன்னால ஆவுமாடி?"

கோவர்த்தனன் தன் பெண்டாட்டி தாட்சாயணியிடம் இப்படிக் கேட்டது புரட்டாசி பிறந்த அன்று. குவைத்தில் வண்டி ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவன், அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படியேறிப் போய் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பியிருந்தான். மொட்டையோடு ஞானமும் வந்துவிட்டது.

"நாக்க அடக்குறவன்தான் மனுசன். இந்த மாசம் நான் கவுச்சி தொடமாட்டேன். நீ வாய அடக்கு, பாக்கலாம். கடைசி சனிக்கிழமை வரைக்கும் எனக்குப் பதில் சொல்லாம இருந்துட்டின்னா, தாராளமா செருப்புக் கம்பெனிக்குப் போ. ஒரு வார்த்த சொல்லிட்டியோ, அந்தப் பேச்சயே எடுக்கக் கூடாது."

சத்தியவேட்டுப் பக்கம் புதிதாக வந்த கம்பெனி அது. ஊர் முனைக்கே பஸ் அனுப்பி ஆள் எடுத்தார்கள். தெருப் பெண்களில் பாதிப்பேர் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஏறிப்போக, தாட்சாயணி மட்டும் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் போக வேண்டும். ஆனால் வாய்? ஒருமுறை விதை விற்க வந்தவன் அவளிடம் வாய்கொடுத்துவிட்டு, மூட்டையைப் போட்டது போட்டபடி ஓடியிருக்கிறான்.

"ஆவும்" என்றாள். அதோடு வாய்க்குப் பூட்டு.

கோவர்த்தனன் சும்மா இருப்பானா? ரசத்தை வாயில் வைத்துவிட்டு, "இன்னாடி, மாடு குடிச்ச மிச்சமா?" என்பான். "உன் தம்பி வேணு இன்னும் பத்தாவது பாஸ் ஆவலியா? அவனுக்குப் புள்ள பொறந்தா ரெண்டு பேரும் ஒண்ணா பரீட்ச எழுதுவாங்களா?" என்பான். தொண்டை வரை வந்ததை அவள் விழுங்குவாள். விழுங்க முடியாதபோது கொட்டகைக்கு ஓடி, மாட்டின் காதில் சொல்லிவிட்டு வருவாள். அந்த மாசம் மாடு பாலைக் குறைத்துவிட்டது.

"இன்னாடி இது, ரேடியோ நின்னுபோன வூடு மாதிரி கீது" என்று பக்கத்து வீட்டுக் கமலம்மா அலுத்துக்கொண்டாள்.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. அன்று ஆண்கள் நாமம் போட்டு, பித்தளைச் சொம்பு ஏந்தி, "கோவிந்தா" சொல்லி வீடு வீடாக அரிசி வாங்குவார்கள். அந்த அரிசியைப் பொங்கித்தான் பெருமாளுக்குத் தளிகை. கோவர்த்தனன் சொம்போடு முன்னால் நடந்தான். அவனுக்குப் பின்னால் பெரியவர் நாகபூஷணம். அவருக்கும் பின்னால் கமலம்மாவின் பூனை.

சூ என்றால் நின்றது. நடந்தால் நடந்தது. அவனுடைய சொந்த வாசலுக்கு வந்ததும் அவன் காலையே சுற்றிச்சுற்றிக் கத்தியது. தெருவே பார்த்தது.

கோவர்த்தனன் முந்திக்கொண்டான். "ஏண்டி, சாமி மாசத்துல ஊட்டுல மீன் ஆக்குனியா? உங்கம்மா ஊட்டுல இதான் கத்துக்குடுத்தாங்களா?"

தாட்சாயணிக்குக் காது வரை சுட்டது. அம்மா வீட்டை இழுத்துவிட்டான்! பதில்கள் நாக்கின் நுனியில் முண்டியடித்தன. இப்போது திறந்தால் பஸ் போய்விடும். முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள்.

பூனைக்கு விரதம் எதுவும் இல்லை. ஒரே தாவு. வேட்டி மடியைப் பிடித்துத் தொங்கியது. மடி பிரிந்து, பொட்டலம் கிழிந்து, சுட்ட நெத்திலிக் கருவாடு கோலத்தின் மேல் சிதறியது.

"தேவுடா!" என்று நாகபூஷணம் சொம்பைப் பிடுங்கிக்கொண்டார்.

"அது... மருந்துக்கு வச்சிருந்தேன்" என்றான் கோவர்த்தனன்.

"இப்பக்கூடவாடி பேசமாட்ட? நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேளேன்!" கமலம்மா கத்தினாள்.

தாட்சாயணி உள்ளே போய் முறத்தில் அரிசி கொண்டுவந்து சொம்பில் போட்டாள். "கோவிந்தா" என்றாள். அது பதிலில் சேராது என்று நாகபூஷணமே தீர்ப்புச் சொன்னார். பூனை மும்முரமாகத் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் முழுக்கக் கோவர்த்தனன் வசவுக்காகக் காத்திருந்தான். சோறு வந்தது, குழம்பு வந்தது, வசவு வரவில்லை. திங்கட்கிழமை காலை அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு கிளம்ப, ஊர் முனை வரை பின்னாலேயே போனான்.

"பந்தயந்தான் முடிஞ்சிட்ச்சே, திட்டேன்டி. ஊரே சிரிக்குது. நீ பேசாம இருக்கறதுதான் பயமா கீது."

பஸ் வந்து நின்றது. தாட்சாயணி திரும்பி வாயைத் திறந்தாள். ஒரு மாசத்துப் பதிலும் வாடாமல் அங்கேயே இருந்தது. கல்மழைக்கு ஒதுங்குகிறவன்போல அவன் மொட்டைத் தலைமேல் துண்டைப் போட்டுக் குனிந்துகொண்டான்.

அவள் வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போனாள்.