பழுதாகாத பம்பு

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஜன்னல் வழியாகக் கிடைத்தது.

1979இல் திருத்தணி தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்தேன். ஒண்டிக்கட்டை, மாடியில் ஒற்றை அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே கீழே பார்த்தேன். எதிர்வீட்டு டாக்சிக்காரர் துளசிங்கமும் அவருக்கு அடுத்த வீட்டு கங்காதரனும் அம்பாசிடரின் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு உள்ளே குனிந்திருந்தார்கள். பெட்ரோல் பம்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கண்ணால் கண்டது அவ்வளவுதான். மற்றது ஏழு வருஷம் கழித்துத் துளசிங்கம் சொன்னது. அவர் சொல்லாமல் விட்ட இடங்களை நான் இட்டு நிரப்பினேன்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘தணிகை மலைமேல் அன்றைய சூரியன்—’

அடித்துவிட்டேன். எங்கள் தெருவிலிருந்து மலை தெரியாது. அரிசி மில் மறைக்கும்.

அடுத்தது: ‘ஒரு பெட்ரோல் பம்பு பழுதாவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று—’

இதுவும் ஆகாது. அந்தப் பம்பு பழுதாகவே இல்லை. இதைக் கடைசிவரை ஒளித்துவைத்து உங்களைத் திடுக்கிடச் செய்யலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். ஒளித்துவைத்தவர்கள் இந்தக் கதையில் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறார்கள்.

2

துளசிங்கம் நாற்பத்தைந்து வயதுக்காரர். சொந்த வண்டி, சொந்த ஓட்டம். கோயிலுக்கு வருகிறவர்களைத் திருப்பதிக்குக் கொண்டுபோய் விடுவார். முகூர்த்த நாளில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போவார். வண்டியைக் குளிப்பாட்டாமல் அவர் காபி குடித்து நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் பங்குனியில் திருவாலங்காட்டிலிருந்து பச்சையப்பன் என்ற பெரியவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். பெரியவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. கண்ணாடியில் துளசிங்கம் பின்சீட்டைப் பார்த்தார். பெரியவரின் வாய் திறந்திருந்தது, பேச்சு இல்லை. கேட் திறக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் துளசிங்கம் கண்ணாடியைத் திருப்பவும் இல்லை, அதைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

பிறகு டாக்சி ஸ்டாண்டில் யாரோ ‘சாவு வண்டி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். ஏற்கெனவே பேசிவைத்திருந்த இரண்டு கல்யாணக்காரர்கள் வேறு வண்டிக்குப் போனார்கள். சீட் உறையை மூன்று முறை துவைத்தார். ஆனால் அவரைப் பிடித்து ஆட்டியது கல்யாணங்கள் போனது அல்ல. இனி ஒரு நோயாளியின் முகம் அந்தக் கண்ணாடியில் தெரியக்கூடாது. அவ்வளவுதான் அவர் வேண்டிக்கொண்டது.

(இதை எழுதும்போது எனக்கு அவர்மேல் இரக்கம் வருகிறது. அதனால்தான் அடுத்த பகுதியை முதல் தடவை தப்பாக எழுதினேன்.)

3

முதல் தடவை எழுதியது:

‘கங்காதரன் ஓடிவந்தபோது துளசிங்கம் சோற்றில் கை வைத்திருந்தார். வாசலுக்குப் போனது அவர் மனைவி ரஞ்சிதம்தான். வண்டி ரிப்பேர் என்று அவள்—’

இல்லை. ரஞ்சிதம் சொல்லவில்லை. பழியை அவள் தலையில் கட்டினால் என் கதாநாயகன் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவான் என்று செய்த வேலை அது. நடந்தது இது:

வைகாசியில் ஒரு புதன்கிழமை, பகல் ஒரு மணி. கங்காதரன் விசைத்தறி ஃபிட்டர். அம்மையார்குப்பத்திலும் இங்கேயும் தறி நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் மனைவி காஞ்சனாவுக்கு எட்டாம் மாதம். அவன் சட்டைகூடப் போடாமல் துளசிங்கத்தின் வாசலில் வந்து நின்றான்.

“ணா, வண்டி எடுங்கணா. காஞ்சனாவுக்கு ரத்தமா போவுது. நர்ஸம்மா பாத்துட்டு ஒடனே அரக்கோணம் இட்டுகினு போன்னுட்டாங்க.”

துளசிங்கம் எச்சில் கையோடு எழுந்து வந்தார். ரத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கண் தானாக வண்டிப் பக்கம் போயிற்று.

“பம்பு போயிடிச்சிப்பா,” என்றார்.

“இன்னாது?”

“பெட்ரோல் பம்பு. காலையிலேர்ந்து ஸ்டார்ட்டே ஆவல. வேற வண்டி பாரு, சீக்கிரம் ஓடு.”

கங்காதரன் நம்பினான். இயந்திரத்தோடு பிழைக்கிறவன், இயந்திரம் நின்றுபோகும் என்பது அவனுக்குத் தெரியும். “துளசிங்கம் அண்ணன் வண்டி ரிப்பேராம்!” என்று தன் வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினான். தெரு முழுக்கக் கேட்டது. ஸ்டாண்டில் அந்த நேரத்தில் ஒரு வண்டியும் இல்லை. பஸ்ஸில்தான் போனார்கள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

துளசிங்கம் திரும்பி வந்து இலைமுன் உட்கார்ந்தார். அன்று காலைதான் ரஞ்சிதத்தை அவள் அம்மா வீட்டிலிருந்து அதே வண்டியில் அழைத்து வந்திருந்தார். அவள் ரசம் ஊற்றினாள்.

4

காஞ்சனா பிழைத்துக்கொண்டாள். குழந்தை பிழைக்கவில்லை.

சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருக்குமா? டாக்டர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று கேள்வி. எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ‘எப்போது வந்திருந்தாலும் பிழைத்திராது’ என்று டாக்டரை ஒரு வரி சொல்லவைத்தால் துளசிங்கத்துக்கு விடுதலை. ‘அரை மணி முன்னால் வந்திருந்தால்’ என்று சொல்லவைத்தால் ஆயுள் தண்டனை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய்யாக ஒலித்தன. தெரியாது என்பதுதான் துளசிங்கத்துக்குக் கிடைத்தது. உங்களுக்கும் அதையே தருகிறேன்.

பத்து நாள் அவர் வண்டியை எடுக்கவில்லை. எடுக்க முடியாது, ரிப்பேர் என்று தெருவுக்கே தெரியும். ஸ்டாண்டு மெக்கானிக்கிடம் காட்டவும் முடியாது. அவன் திறந்து பார்த்த மறுநிமிஷம், “இன்னா ணா, நல்லாத்தானே கீது?” என்பான். ஆஸ்பத்திரியிலிருந்து கங்காதரனும் காஞ்சனாவும் திரும்பி வந்தார்கள். வெறுங்கையோடு வந்த அவர்கள் கண்ணெதிரில் வண்டி தானாகச் சரியாகிவிட்டால்?

ஒன்பதாம் நாள் ரயிலேறி மெட்ராஸ் போய்ப் புதுப் பம்பு ஒன்று வாங்கினார்.* கூடவே குழாயில் பொருத்துகிற ஒரு ஃபில்டரும். கடைக்காரர் கேட்காமலேயே துளசிங்கமாக அவரிடம், “பழசு சுத்தமா இழுக்கலிங்க, ஃபில்டர்லகூட ஒரே அடைப்பு” என்றாராம். முன்பின் தெரியாத மனிதரிடம். ஒரு பொய்க்கு எத்தனை உதிரி பாகங்கள் வேண்டியிருக்கின்றன என்று அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வண்டியை வீட்டுக்குப் பின்னால் கொல்லைப் பக்கமாக வைத்து மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தார். ரஞ்சிதம் அந்தப் பத்து நாளில் அதைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு தடவை.

“மாத்தறதுன்னா நடுத்தெருவுல வெச்சி மாத்துங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

யோசனை சொன்னாளா, குத்திக் காட்டினாளா? துளசிங்கத்துக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

* பம்பைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: பெட்ரோல் டாங்க் வண்டியின் பின்னால், எஞ்சின் முன்னால். பின்னாலிருப்பதை உறிஞ்சி முன்னால் தள்ளுகிற சின்ன சாதனம் இது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை. எஞ்சின் அந்தக் கையை ஆட்ட, சவ்வு மேலும் கீழும் போய் வரும். சவ்வு கிழிந்தால் உறிஞ்சாது. அதைச் சோதிக்க மெக்கானிக் வேண்டாம், ஒரு கட்டைவிரல் போதும்.

5

ஞாயிறு காலை. பாட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டாங்கிலிருந்து வருகிற குழாயைப் பிரித்து, பெட்ரோல் ஒழுகாமல் ஒரு பென்சில் துண்டைச் செருகினார். அப்போது பின்னால் செருப்புச் சத்தம்.

“தனியா பண்றீங்களா ணா? இருங்க, கை குடுக்கறேன்.”

கங்காதரன். பத்து நாள் தாடி.

“வாணாம்பா. நீ போய்ப் படு. இப்பத்தான் அலைஞ்சிட்டு வந்துகீற.”

“படுத்துகினு இன்னா பண்றது? அவ செவுத்தையே பாத்துகினு கீறா. நானும் எவ்ளோ நேரம்தான் அவளையே பாத்துகினு இருக்கறது.”

ஸ்பேனரை அவனே எடுத்துக்கொண்டான். எஞ்சின் பக்கவாட்டில் பம்பைப் பிடித்திருந்த இரண்டு நட்டுகளையும் தறி ஃபிட்டரின் கை சட்டென்று தளர்த்திவிட்டது. பம்பு கழன்று வந்தது. துளசிங்கம் கை நீட்டினார், வாங்கித் துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட. கங்காதரன் கொடுக்கவில்லை.

அதைத் திருப்பிப் பார்த்தான். பெட்ரோல் உள்ளே வருகிற துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடினான். மற்றக் கையால் பம்பின் கையை நாலு தடவை ஆட்டினான். பிறகு விரலை எடுத்தான்.

ப்சக்.

விரலை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு, விட மனமில்லாமல் விடுகிற சத்தம். நல்ல பம்பு போடுகிற சத்தம்.

துளசிங்கம் எஞ்சினில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங் அட்டையை பிளேடால் சுரண்டிக்கொண்டிருந்தார். கை நின்றது. நிமிரவில்லை.

கங்காதரன் இன்னொரு தடவை செய்தான். ப்சக். மூன்றாம் தடவையும்.

(இந்த இடத்தில் அவனைக் கத்தவைத்து ஒரு பக்கம் எழுதினேன். சட்டையைப் பிடிக்கவைத்தேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் நான் ஜன்னலில் நின்றிருந்தேனே. யாரும் யார் சட்டையையும் பிடிக்கவில்லை.)

“பேக்கிங்குக்கு ரெண்டு பக்கமும் கிரீஸ் தடவிக்குங்க ணா,” என்றான் கங்காதரன்.

“ஆங்.”

புதுப் பம்பு ஏறியது. ஃபில்டரும் ஏறியது. சாவியைத் திருகினால் எஞ்சின் பிடிக்கவில்லை. இப்போது நிஜமாகவே ஸ்டார்ட் ஆகவில்லை. துளசிங்கத்துக்கு வியர்த்தது. “லைன்ல காத்து கீது. பம்ப கையால பத்து தபா அடிங்க,” என்றான் அவன். அடித்தார். நாலாவது திருகலில் எஞ்சின் உறுமியது.

கங்காதரன் பழைய பம்பை எடுத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான்.

“ஒரு ரவுண்டு வுட்டுப் பாத்துடலாம் ணா.”

“எந்தப் பக்கம்?”

“அரக்கோணம்.”

6

இது துளசிங்கம் சொன்னது. பம்பு கங்காதரனின் மடியில் இருந்தது. வேட்டியில் பெட்ரோல் ஊறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தச் சொன்னான். இறங்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

“இருபத்தஞ்சி நிமிசம்,” என்றான்.

அப்புறம், “திருப்புங்க ணா.”

இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். பம்பு நல்ல பம்பு என்று கண்டுகொண்டவன் கணக்கை நேராக எடுத்துக் காட்டுகிறான். அல்லது, பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவன், அன்றைக்கு மட்டும் இந்த வண்டி ஓடியிருந்தால் என்று தன்னைத்தானே வதைத்துக்கொள்கிறான். பழுதான பிறகும் முனகிக்கொண்டாவது உறிஞ்சுகிற பம்புகளும் உண்டுதானே என்று துளசிங்கம் ஏழு வருஷமாக இரண்டாவதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் பழைய பம்பைச் சீட்டில் வைத்துவிட்டு கங்காதரன் வீட்டுக்குள் போனான். அந்த வருஷமே அம்மையார்குப்பத்துக்குக் குடி மாறினார்கள். அங்கே ஒரு பெண் குழந்தை பிறந்ததாகக் கேள்வி.

இங்கே ஒன்றைத் திருத்த வேண்டும். ஜன்னல் வழியாக நான் கண்டது ஞாயிற்றுக்கிழமையை மட்டும்தான் என்று முதல் பகுதியில் எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. அந்தப் புதன்கிழமை எனக்குக் காய்ச்சல், விடுப்பில் இருந்தேன். காலை பத்து மணிக்கு அம்பாசிடர் வந்து நின்றதும், ரஞ்சிதம் பையோடு இறங்கியதும் படுத்த இடத்திலிருந்தே தெரிந்தது. ஒரு மணிக்கு, “வண்டி ரிப்பேராம்” என்று கங்காதரன் கத்தியதும் கேட்டது. காலையில் ஓடின வண்டியாச்சே என்று நினைத்தேன். நினைத்துவிட்டுப் புரண்டு படுத்தேன்.

இந்தப் பத்தியை நாலு பிரதிகளில் சேர்க்காமல் விட்டேன். இது ஐந்தாவது பிரதி.

7

போன வருஷம், 1986இல், ஒரு வேலையாகத் திருத்தணி வந்தவன் துளசிங்கத்தின் வண்டியில் திருப்பதிக்குப் போனேன். நகரியிலிருந்து புத்தூர் போவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நான் கதை எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“எழுதிக்குங்க சார். ஆனா ஒண்ணு. திரும்பி வரும்போது நான் அவன்கிட்ட சொல்லிட்டேன்னு எழுதிடுங்க.”

“சொன்னீங்களா?”

ஒரு லாரி தாண்டும் வரை காத்திருந்தார்.

“ரோடு நல்லா போட்டுகீறாங்கன்னு சொன்னேன்.”

“அப்ப எப்படி நான்—”

“கதைதானே சார். உங்களுக்கு ஒரு வரி.”

அந்த ஒரு வரியை எழுதினேன். ‘“பம்பு அன்னைக்கு நல்லாத்தான்பா இருந்திச்சி,” என்றார் துளசிங்கம்.’ அதற்கு மேல் கங்காதரன் என்ன சொன்னான் என்று எழுத வேண்டும். மன்னிக்கவைத்தால் நான் யார் மன்னிக்க? வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நடக்கவைத்தேன். அழவைத்தேன். ‘தெரியும் ணா’ என்று மட்டும் சொல்லவைத்தேன். அதுதான் அழகாக இருந்தது, அதனாலேயே அதில் நம்பிக்கை வரவில்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அந்த ஒரு வரியையும்தான். அது அவர் வாயால் சொல்ல வேண்டியது.

வண்டியை விட்டு இறங்கும்போது துளசிங்கம் இன்னொன்றும் சொன்னார். கங்காதரன் லைப்ரரியில் ஒரு புத்தகம் விடமாட்டானாம், கதையென்றால் உயிராம். அவன் படிப்பான் என்று தெரிந்துதான் எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாரா என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

பேர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை, பம்பையும் மாற்றவில்லை. கங்காதரன் என்று நான் பேர் வைத்தவரே, மூன்று தடவை கட்டைவிரலை எடுத்துப் பார்த்தது நீங்கள்தான் என்றால் இந்தக் கதையின் மிச்சம் உங்களிடம் இருக்கிறது. மேல் ஜன்னலில் நின்றவன் சொல்ல வேண்டியதை எட்டு வருஷம் பிந்தி இப்போதுதான் சொல்கிறான்.

துளசிங்கம் அதே தெருவில், அதே வீட்டில்தான் இருக்கிறார். காலை ஒன்பது மணி வரை வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருப்பார்.